பார்ட்டி தேடுவதும் பரிசில் தேடுவதும்

எலாஸ்டிக் விற்கிறவளுக்குப் புறநானூறு எதற்கு என்று என் மகன் கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக்கொடுத்ததில் மிச்சம் இருப்பதும், அப்புறம் நானாகப் படித்துக்கொண்டதும்தான் என் சரக்கு. ஆனால் என் தொழிலில் ஓயாமல் வந்து நிற்கும் ஒரு கேள்விக்குப் பேச்சுத்துணை அந்தப் பழைய ஆட்களிடம்தான் கிடைக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவர் வாசலில் போய் நின்று, "எங்ககிட்ட வாங்குங்க" என்று கேட்கிறேனே, அது எந்தக் கணக்கில் சேரும்? பிச்சையா, முகஸ்துதியா, வேட்டையா?

குன்னத்தூரில் எங்கள் பட்டறை. ஜட்டிக்கும் டிரவுசருக்கும் இடுப்பில் வைக்கிற எலாஸ்டிக்கை நீடில் லூமில் ஓட்டுகிறோம். வீட்டுக்காரர் மெஷின் பார்ப்பார், நான் பார்ட்டி பார்ப்பேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் வாடிக்கையாளருக்குப் பார்ட்டி என்று பெயர். காதர்பேட்டைக் கடைகளுக்கு உள்ளாடை தைத்துப் போடுகிற சின்னக் கம்பெனிகள் திருப்பூரிலும் அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர் வட்டாரத்திலும் நிறைய உண்டு. அவர்கள்தான் எங்களுக்கு.

மாமியாருக்கு நான் இப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு போவது கடைசிவரை பிடிக்கவில்லை. "நாம கேட்டுப் போற குடியா அம்மிணி? வேணுங்கறவன் தேடி வருவான்" என்பார். அவர் காலத்துக்கு அது சரி. ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தவர் யார்? பேரைக் கேட்டு வந்து வாங்கிப் போனார்கள். திருப்பூரும் கொஞ்ச காலம் அந்த யோகத்தில் இருந்த ஊர்தான். 1970களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த கதையை இங்கே தொழில் செய்கிற எல்லோரும் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் ஐரோப்பாக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவனுக்கு விற்பது கௌரவம், போய் விற்பது ஒரு படி கீழே என்கிற நினைப்பு இந்த ஊர்களில் அப்படித்தான் ஊறியது. காட்டில் பாடுபட்டு நிமிர்ந்து நடந்த சனம், கேட்க வாய் வராது.

வள்ளுவர் இதில் என் மாமியாருக்கும் பரிந்து பேசுகிறார், எனக்கும் பரிந்து பேசுகிறார். 106ஆம் அதிகாரம் 'இரவு'. ஒளிக்காத மனசுக்காரரிடம் கேட்பதில் ஓர் அழகே உண்டு என்கிறார். கேட்பவர்களே இல்லாவிட்டால் உலகத்து நடமாட்டம் மரப்பாவை ஆட்டம் மாதிரி ஆகிவிடும் என்கிறார். அடுத்த அதிகாரம் 'இரவச்சம்'. அங்கே, தாகத்தில் இருக்கும் பசுவுக்குத் தண்ணீர் கேட்டால்கூட நாக்குக்கு அதைவிட இழிவில்லை என்கிறார். அடுத்தடுத்து வைத்துவிட்டு மனிதர் போய்விட்டார்.

இங்கே ஒரு சமாதானம் சொல்வார்கள். "நீங்க என்ன சும்மாவா கேக்கறீங்க? சரக்குக் குடுத்துக் காசு வாங்கறீங்க. இதுல எரவல் எங்க வந்துச்சு?" பழைய பார்ட்டி என்றால் ஒத்துக்கொள்கிறேன். புதுப் பார்ட்டியிடம் முதல்முறை போகும்போது நான் கேட்பது காசு கிடையாது. அவருடைய அரைமணி நேரத்தைக் கேட்கிறேன். கட்டிங் மேஜையிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கச் சொல்கிறேன். இத்தனை வருஷம் அவருக்கு எலாஸ்டிக் கொடுத்துவரும் இன்னொருவரின் இடத்தைக் கேட்கிறேன். இதற்கெல்லாம் பதிலுக்கு என்னிடம் கொடுக்க ஒன்றும் கிடையாது. அந்த அரைமணி நேரம் சுத்தமான இரத்தல். கூச்சம் வருவதும் அதனால்தான், அது வரத்தான் வேண்டும். கூச்சமே இல்லாமல் உள்ளே நுழைகிற விற்பனைக்காரரைக் கண்டால் எனக்குப் பயம்.

புறநானூற்றின் 208ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் பாடியது. குன்றும் மலையும் தாண்டித் தகடூர் அதியமானைப் பார்க்க வருகிறார். அதியமானுக்கு அந்த நேரம் என்ன வேலையோ, நேரில் வராமல், இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைப் பார்க்காமலே கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரத்துக்கு வந்த பரிசில்காரன் இல்லை, என் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். பசியோடு வந்தவர் பேசுகிற பேச்சா இது என்று வகுப்பில் பிள்ளைகள் சிரித்தோம். தமிழய்யா சிரிக்கவில்லை.

இன்று படிக்கையில் எனக்கு வேறு இடம் தைக்கிறது. முகம் பாராமல் வாங்கிப் போகிறவர்கள் வியாபாரிகள் என்று போகிறபோக்கில் நம்மை ஒரு இடி இடித்துவிட்டுப் போகிறார் புலவர். அவரிடம் வழக்காட எனக்கு ஆசை. ஐயா, பட்டினப்பாலையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகப் பாவித்தார்கள், வாங்குவதில் மிகுதியாக எடுக்கவும் இல்லை, கொடுப்பதில் குறைக்கவும் இல்லை என்று அங்கே ஒரு புலவர்தானே சொல்லியிருக்கிறார். எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் அவர் பொருளைத் தன் பொருள்போல எப்படிப் பாவிக்க முடியும்? பார்வை இல்லாத வியாபாரம் கெட்ட வியாபாரம் என்பதுதான் என் கட்சி. அதில் பெருஞ்சித்திரனாரும் நானும் ஒரே பக்கம்.

நான் பார்ட்டி தேடுகிற விதம் இதுதான். எந்தக் கம்பெனிக்குப் போக வேண்டுமோ அதன் ஜட்டியைக் கடையில் காசு கொடுத்து வாங்குவேன். வீட்டில் துவைப்பேன், காயப்போடுவேன், மறுபடி துவைப்பேன். வெந்நீர், பிளீச்சிங் எல்லாம் காட்டுவேன். பிறகு இடுப்பைப் பிரித்து எலாஸ்டிக்கை வெளியே எடுத்து, இழுத்து விட்டுப் பார்ப்பேன். திரும்பி வருகிறதா, நீண்டே கிடக்கிறதா? விளிம்பு சுருட்டிக்கொள்கிறதா? உள்ளே ரப்பர் நூல் அறுந்து முள்ளுமுள்ளாக வெளியே தலைகாட்டுகிறதா? தையல் விழுந்த இடத்தில் நூல் வெட்டுப்பட்டிருந்தால் அது எலாஸ்டிக் கோளாறா, ஊசிக் கோளாறா? இதையெல்லாம் பார்த்த பிறகு, அதே அகலத்தில், அவர் துணியின் கனத்துக்குத் தோதாக ஒரு சேம்பிள் ஓட்டிக்கொண்டு போவேன். ஒரே சேம்பிள் பையை எல்லா வாசலிலும் திறந்து காட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை.

இவ்வளவு மெனக்கெடுவதில் ஒரு அன்பு இருக்கிறது என்று எனக்கு நானே பெருமைப்பட்டதுண்டு. பிறகுதான் திருமுருகன்பூண்டி ஞாபகம் வந்து பெருமையைக் கெடுத்தது. அவிநாசி ரோட்டில் நிட்ஃபேர் கண்காட்சி நடக்கிற அதே பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் மணியோடும் சுந்தரர் அந்த வழியாகத் திரும்பும்போது, சிவனுடைய பூதகணங்கள் வேடர் உருவில் வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டன என்று பெரியபுராணம் சொல்கிறது. தன் கையால் கொடுத்ததைத் தவிர வேறு பொருள் தன் தோழனிடம் சேரக் கூடாது என்பது சிவன் கணக்கு. சுந்தரர் கோயிலுக்குப் போய்ச் சண்டை போடுவதுபோலப் பாட, பறித்தது திரும்பி வந்தது. உலகத்து வியாபாரிகள் ஆர்டர் தேடி வந்து கூடுகிற இடத்துக்கு இப்படியொரு தலபுராணம் அமைந்திருக்கிறதே என்று நினைத்து நான் தனியாகச் சிரிப்பதுண்டு.

அந்த வேடர்கள்தான் என்னை விடவில்லை. மானை உன்னிப்பாகக் கவனிக்கிறவன் வேடன். எந்த நேரம் தண்ணீர் குடிக்க வரும், எந்தக் காலில் நொண்டுகிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். மானை அவ்வளவு பார்த்தவன் அதன்மேல் அன்பு வைத்தவன் ஆகிவிடுவானா? நான் ஜட்டியின் இடுப்பைப் பிரித்துப் பார்ப்பதும் அவன் தடம் பார்ப்பதும் எங்கே வேறாகின்றன?

ரொம்ப நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டது நம் தலைமேல் ஏறும் கடன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, தெரியாதவர்போல நடக்க நமக்கு உரிமை கிடையாது. வேடன் தெரிந்துகொண்டதை மானுக்குச் சொல்ல மாட்டான். நான் சொல்லியாக வேண்டும், எனக்கு நஷ்டமானாலும். ஒரு கம்பெனியின் இடுப்புப் பட்டையைப் பிரித்துப் பார்த்தேன், எங்கள் சரக்கைவிட நன்றாக இருந்தது. திரும்பத் திரும்பத் துவைத்தும் அசையவில்லை. முன்பே பேசி வைத்திருந்ததால் போனேன். "உங்க எலாஸ்டிக் நல்லா இருக்குதுங்க. இந்த வெலைக்கு இதைவிட நல்லதா எங்களால தர முடியாதுங்க" என்றேன். அவர் டீ சொன்னார், குடித்துவிட்டு வந்தேன். இன்றுவரை அங்கிருந்து ஒரு ரோல் ஆர்டர்கூட வரவில்லை. நேர்மைக்குப் பலன் கிடைக்கும் என்று கதை சொல்கிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். பலன் கிடைக்காதபோதும் அது கடன்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவர் சரக்கைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஆராய்வேன். அவர் வீட்டைப் பற்றி ஆராய மாட்டேன். இப்போது எல்லாம் போனிலேயே தெரிந்துவிடுகிறது. யார் பையன் எந்தக் காலேஜ், யார் வீட்டில் சீர், யார் எந்தக் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தார் என்று துருவி வைத்துக்கொண்டு, "பெரியவரே, கோயில் வேலை பிரமாதமுங்க" என்று ஆரம்பிப்பதற்குப் பயிற்சி வகுப்பே நடத்துகிறார்கள். ஆளுக்கேற்ற பேச்சாம். எனக்கு இது அருவருப்பாக இருக்கிறது. அவர் தானாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்பேன், சந்தோஷமோ துக்கமோ பங்கெடுப்பேன். சொல்லாததைத் தூண்டிலில் மாட்டக் கூடாது.

இப்படிப் புகழ்வதைச் சுந்தரரே கிண்டல் செய்திருக்கிறார். திருப்புகலூர்ப் பதிகத்தில், கொடுக்க மனமில்லாதவனைப் பாரி என்றும் வலுவில்லாதவனைப் பீமன் என்றும் புகழ்ந்தாலும் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், புகலூர்க்காரனைப் பாடுங்கள் புலவர்களே என்கிறார். செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் விழித்துப் பார்த்தபோது அது பொன்னாகியிருந்தது அதே ஊரில்தான். எங்களுக்கு அந்த வசதி இல்லை. மறுநாள் காலையில் செங்கல் செங்கல்லாகத்தான் இருக்கும், ஆகவே நாங்கள் மனிதர்களிடம்தான் போக வேண்டும். ஆனாலும் பாரி அல்லாதவனைப் பாரி என்று சொல்லாமல் போக முடியும். திருப்பூரில் எல்லோரும் எல்லோருக்கும் முதலாளி என்பது பேச்சு மரியாதை, அதை விட்டுவிடுங்கள்.

இந்தத் தொழிலில் உள்ளதிலேயே பெரிய பாவம் எது என்று கேட்டால், பொய்ப் புகழ்ச்சிக்கு நான் இரண்டாமிடம்தான் கொடுப்பேன். எலாஸ்டிக் விற்கிறவள் பத்துக் கம்பெனிக்குள் போய்வருகிறாள். யார் அடுத்த சீசனுக்கு என்ன கலர் எடுக்கிறார், யாருக்கு நூல்காரரிடம் பாக்கி நிற்கிறது, யார் விலையைக் குறைக்கப் போகிறார், எல்லாம் காதில் விழுகிறது. புதுப் பார்ட்டியைப் பிடிக்க இதைவிட நல்ல இரை இல்லை. "அவங்க இந்த அகலத்துலதானுங்க போடறாங்க, நீங்களும் எடுத்துக்கங்க" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும், நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். நம்பிக்கை வைத்து ஒருவர் காட்டியதை இன்னொருவரிடம் நுழைவுச் சீட்டாக நீட்டுவது அது.

அமர்நீதி நாயனாரை எங்கள் தொழிலுக்கு முன்னோர் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பழையாறைத் துணி வணிகர். அடியார்களுக்குக் கந்தை, கீள், கோவணம் என்று அவரவருக்கு வேண்டியதைக் கொடுத்துவந்தவர். கோவணத்தின் வம்சம்தானே ஜட்டி! ஒரு பிரம்மச்சாரி வந்து, தண்டில் கட்டியிருந்த இரண்டு கோவணத்தில் ஒன்றை அவிழ்த்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் குளிக்கப் போகிறான். திரும்பி வந்து கேட்டால் வைத்த இடத்தில் இல்லை. தராசில் அவனுடைய மற்றொரு கோவணத்தை ஒரு தட்டில் வைத்து, ஈடாக நாயனார் துணி வைக்கிறார், பட்டு வைக்கிறார், பொன் வைக்கிறார். தட்டு எழவே இல்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் அவரே ஏறி நின்ற பிறகுதான் சமமாகிறது. வந்தவன் சிவன்.

பக்தியின் எடை என்று பெரியவர்கள் விளக்குவார்கள், அதை மறுக்க நான் யார்? வியாபாரக்காரிக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஒருவர் நம்மிடம் வைத்துவிட்டுப் போனது ஒரு முழத் துணியாகவே இருக்கட்டும், அதைத் தொலைத்தால் ஈடுகட்ட நம் கடை போதாது. பார்ட்டி நம்மை நம்பிச் சொன்ன ஒரு வார்த்தையும் அந்த முழத் துணிதான்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் கம்ப்யூட்டர் படித்தவன். பார்ட்டி பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொருவர் பெயரையும் கம்பெனியையும் போட்டு, அவரவருக்கென்றே எழுதியதுபோலச் செய்தி தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலையை மெஷினிடம் விட்டிருக்கிறான். படித்துப் பார்த்தேன், என்னைவிட மரியாதையாக எழுதியிருக்கிறது. "இதுல யாரு சாமி அவங்க சரக்கைப் பாத்தது?" என்றேன். அன்று அதியமான் பார்க்காமல் கொடுத்தான், இன்று நாம் பார்க்காமல் கேட்கிறோம் என்றும் சொன்னேன்.

அவன் சொன்ன பதில் எனக்கு இன்னும் உறைக்கிறது. "அம்மா, நீங்க நேர்ல போய் நின்னா அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியறதில்லீங்க. வயசான அம்மா வெயில்ல வந்திருக்குதுன்னு ரெண்டு ரோல் எடுப்பாங்க. மெசேஜ்னா பிடிக்கலைன்னா அழிச்சிட்டுப் போயிருவாங்க. யாரு அவங்களைக் கட்டாயப்படுத்தறது, நீங்களா நானா?" பெருஞ்சித்திரனார் இதை யோசித்திருக்க மாட்டார். நேரில் பார்ப்பதிலும் ஒரு வன்முறை உண்டு, இரக்கத்தை வெளியே இழுக்கிற வன்முறை. அதிலிருந்து நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். போவதற்கு முன் போனில் கேட்டு, வரச் சொன்னால் மட்டும் போகிறேன். அவனும் என்னிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டான்: துவைத்துப் பார்க்காத சரக்கைப் பற்றி, பார்த்ததுபோல ஒரு வரிகூட மெஷின் எழுதக் கூடாது. பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். "உங்கள் தயாரிப்பின் தரம் எங்களைக் கவர்ந்தது" என்று எழுதினால் அது பச்சைப் பொய்.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கிய பிறகு இந்தப் பக்கத்தில் காட்சி மாறியது. ஏற்றுமதியை நம்பியிருந்தவர்கள் உள்நாட்டுப் பார்ட்டி தேட ஆரம்பித்தார்கள். பையிங் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் காதர்பேட்டைச் சந்துகளில் சேம்பிள் பையோடு நடந்தார்கள். எங்கள் பட்டறைக்கும் நூல் ஏஜெண்டுகள், ரப்பர் நூல் விற்கிறவர்கள், அட்டைப் பெட்டிக்காரர்கள் என்று வருகிறவர்கள் கூடிப்போனார்கள். கேட்டுப் போய்க்கொண்டிருந்தவள் இப்போது கேட்கப்படுகிறவளும் ஆனேன்.

வள்ளுவர் இரண்டு அதிகாரங்களையும் ஏன் பக்கத்தில் வைத்தார் என்று அப்போதுதான் பிடிபட்டது. இரண்டிலும் அவர் திரும்பத் திரும்பச் சாடுவது ஒளிக்கிறவர்களைத்தான். கேட்பதை அழகாக்குவதும் இழிவாக்குவதும் பாதிக்கு மேல் கேட்கப்படுகிறவர் கையில் இருக்கிறது. எங்கள் ஊர்களில் ஒளிப்பதற்கு ஒரு நாகரிகமான வாசகம் உண்டு: "நாளைக்கு வாங்க, பாக்கலாம்." முதலாளி உள்ளே இருக்கும்போதே வெளியூர் போயிருப்பதாக வாட்ச்மேனை விட்டுச் சொல்லச் சொல்வதும் உண்டு. அந்த நாளையை நம்பிப் பஸ் பிடித்து வந்தவர்களில் நானும் ஒருத்தி.

தொழில் நடத்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வாசலுக்கு ஒருவர் சேம்பிளோடு வந்தால், வாங்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. அந்தச் சேம்பிளைக் கையில் வாங்கி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வேண்டும் என்றால் விலை பேசுங்கள். வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதை அன்றைக்கே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள்.